அரை தடவை வகையிடுவது எப்படி? பின்ன வரிசை நுண்கணிதத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு நீள நோட்டு இருக்கும். தேதி, அன்றைக்கு எத்தனை ரப்பர் ஷீட், இதுவரை மொத்தம் எத்தனை. எங்கள் வீட்டிலும் உண்டு. வகையிடலையும் தொகையிடலையும் ஒரு தடவை, இரண்டு தடவை என்றில்லாமல் அரை, முக்கால் தடவையும் செய்யும் பின்ன வரிசை நுண்கணிதம் எனக்குப் பிடிபட்டது அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் எம்.எஸ்சி. வகுப்பில் வரையறையைப் பலகையிலிருந்து எழுதிக்கொண்டோம், தேர்விலும் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம். "அரை தடவை வகையிட்டால் அது எதன் சாய்வு?" என்று யாராவது கேட்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்போம். அது எதன் சாய்வும் இல்லை என்ற பதிலை அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வழிகாட்டியை நோட்டும் பேனாவும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு படியுங்கள். பிளஸ் டூ அளவுக்கு வகையிடலும் தொகையிடலும் தெரிந்தால் முக்கால் பாகம் போய்விடலாம். எட்டாம் படிக்கு மட்டும் லாப்லாஸ் உருமாற்றம் கொஞ்சம் பழகியிருந்தால் நல்லது.

குறியீடுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரம் ந, வரிசை அ. சார்பு எஃப்(ந). அ வரிசைத் தொகையீடு ஐ^அ, அ வரிசை வகைக்கெழு டி^அ. இவற்றைத்தான் செயலிகள் என்கிறோம்; செல்போனில் இறக்கும் செயலி இல்லை, ஒரு சார்பை வாங்கி இன்னொரு சார்பாகத் திருப்பித் தரும் விதி.

முதல் படி: ஷீட் நோட்டில் அரைக்கூட்டல்

மூன்று வெட்டு நாளில் (மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் நாள்) கிடைத்த ஷீட் 3, 5, 4 என்று வையுங்கள். மொத்தக் கணக்கு எழுதினால் 3, 8, 12. இது ஒரு தடவை கூட்டல். அந்த மொத்தங்களையே மறுபடி கூட்டிக்கொண்டு போனால் 3, 11, 23. இது இரண்டு தடவை கூட்டல்.

அந்த 23-ஐ நேரடியாகவும் எடுக்கலாம்: 3×3 + 5×2 + 4×1 = 23. அதாவது பழைய நாளுக்கு அதிக எடை, இன்றைய நாளுக்கு எடை 1. மூன்று தடவை கூட்டினால் 3, 14, 37 வரும்; எடைகள் 6, 3, 1 என்று மாறும் (18 + 15 + 4 = 37). எத்தனை தடவை கூட்டினாலும் வேலை ஒன்றுதான்: கடந்த நாட்களுக்கு ஒரு எடைப் பட்டியல் போட்டு ஒரே மூச்சில் கூட்டுவது.

இந்த எடைகளுக்கு ஒரு விதி இருக்கிறது. இன்றைய எடை 1. அதிலிருந்து பின்னால் போகப் போக, ம நாள் பழைய எடை வேண்டுமானால், முந்தைய எடையை (ம − 1 + அ)/ம என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அ = 1 போட்டுப் பாருங்கள்: 1, 1, 1. அ = 2: 1, 2, 3. அ = 3: 1, 3, 6. சரியாக இருக்கிறது.

இந்த விதியில் அ முழு எண்ணாக இருந்தே தீர வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அ = 1/2 போடுங்கள். எடைகள் 1, 1/2, 3/8. இப்போது நம்முடைய 3, 5, 4-ஐ அரை தடவை கூட்டுவோம்.

முதல் நாள்: 3
இரண்டாம் நாள்: 5 + 3/2 = 6.5
மூன்றாம் நாள்: 4 + 5/2 + 3×(3/8) = 4 + 2.5 + 1.125 = 7.625

கிடைத்த 3, 6.5, 7.625-ஐ மறுபடி அரை தடவை கூட்டுங்கள்.

முதல் நாள்: 3
இரண்டாம் நாள்: 6.5 + 1.5 = 8
மூன்றாம் நாள்: 7.625 + 3.25 + 1.125 = 12

3, 8, 12. மொத்தக் கணக்கு அப்படியே வந்துவிட்டது. இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு, நம்பாமல் வேறு எண்களை வைத்து நாலு தடவை போட்டேன். நீங்களும் போடுங்கள். இந்த ஒரு பக்கம் கையில் வந்துவிட்டால் மீதி எல்லாம் இதையே தொடர்ச்சியான நேரத்துக்கு மாற்றி எழுதுவதுதான்.

இரண்டாம் படி: அதே விதியில் குறை எண்

கூட்டலுக்கு எதிர் கழித்தல். அதே விதியில் அ = −1 போட்டால் எடைகள் 1, −1, 0, 0, 0... இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழி, அவ்வளவுதான். அ = −2 போட்டால் 1, −2, 1, 0, 0... இரண்டாம் வித்தியாசம். இரண்டிலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு பூஜ்யம்தான்.

அ = −1/2 போட்டால்? 1, −0.5, −0.125, −0.0625, −0.0390625... சிறுத்துக்கொண்டே போகிறது, ஆனால் பூஜ்யம் ஆவதே இல்லை. 3, 8, 12 என்ற மொத்தத்தில் இதைப் போட்டால் 3, பிறகு 8 − 1.5 = 6.5, பிறகு 12 − 4 − 0.375 = 7.625. அரைக்கூட்டலில் வந்த அதே எண்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சாதாரண வகைக்கெழுவை நாம் ஒரு புள்ளியில் நடக்கும் காரியமாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அப்படிப் பார்க்க முடிவதே, முழு எண் வரிசையில் எடைகள் பூஜ்யத்தில் முடிந்துபோவதால்தான். ஒன்றும் இரண்டும் மறதிக்காரர்கள். அரையும் முக்காலும் கணக்கு தொடங்கிய நாள் வரைக்கும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் பின்ன வகைக்கெழு என்று சொல்லும்போதெல்லாம் "எந்த நாளிலிருந்து கணக்கு?" என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த நாளுக்குக் கீழ் எல்லை என்று பெயர். கீழ் எல்லையைச் சொல்லாமல் எழுதிய பின்ன வகைக்கெழு, தேதி போடாத ரசீது மாதிரி.

மூன்றாம் படி: காமா சார்பு

நோட்டில் நாட்கள் தனித்தனியாக இருந்தன. நேரம் தொடர்ச்சியாக ஓடும்போது எடைகளில் காரணீயப் பெருக்கம் வரும். பின்னத்துக்குக் காரணீயப் பெருக்கம் வேண்டுமென்றால் காமா சார்பு வேண்டும். இதன் தொடக்கத்தை 1729-இல் ஆய்லர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் பார்க்கலாம். நமக்கு நான்கு தகவல் போதும்.

காமா(ம) = (ம − 1)-இன் காரணீயப் பெருக்கம். காமா(1) = 1, காமா(2) = 1, காமா(3) = 2.
காமா(ம + 1) = ம × காமா(ம), ம பின்னமாக இருந்தாலும்.
காமா(1/2) = √பை = 1.7725. ஆகவே காமா(3/2) = 0.8862.
0, −1, −2 ஆகிய இடங்களில் காமா முடிவிலிக்கு ஓடுகிறது. அங்கே 1/காமா-வைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது தகவலை அடிக்கோடிட்டு வையுங்கள். பின்னால் ஒரு இடத்தில் காலை வாரப்போவது அதுதான்.

நான்காம் படி: ரீமான்–லியூவில் தொகையீடு

ம தடவை தொகையிடுவதை ஒரே தொகையீடாக எழுதலாம் என்பது கோஷியின் சூத்திரம். அதில் ம இருந்த இடத்தில் அ-வை வைத்தால் கிடைப்பது இது:

ஐ^அ எஃப்(ந) = (1/காமா(அ)) × [ (ந − ச)^(அ−1) × எஃப்(ச) என்பதை ச = 0 முதல் ச = ந வரை தொகையிடு ]

பார்க்கப் பயமாக இருந்தாலும் ஷீட் நோட்டில் செய்ததுதான். ச என்பது கடந்துபோன ஒரு நேரம், (ந − ச) என்பது அது எவ்வளவு பழையது, (ந − ச)^(அ−1) அதற்கான எடை. அ = 1 ஆனால் எல்லா எடையும் 1, சாதாரணத் தொகையீடு. அ = 1/2 ஆனால் எடை 1/√(ந − ச): புதிய சங்கதிக்கு அதிகம், பழையதற்குக் குறைவு.

ஒவ்வொரு தடவையும் இந்தத் தொகையீட்டைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அடுக்குச் சார்புக்கு ஒரு குறுக்குவழி உண்டு, இதை மனப்பாடமே செய்துவிடலாம்:

ஐ^அ ந^க = [காமா(க + 1) / காமா(க + 1 + அ)] × ந^(க + அ)

ஒரு சோதனை. 1 என்ற மாறிலியின் அரைத் தொகையீடு: க = 0, எனவே காமா(1)/காமா(3/2) = 1/0.8862 = 1.1284. விடை 1.1284√ந. அதை மறுபடி அரைத் தொகையிட்டால் 1.1284 × காமா(3/2)/காமா(2) × ந = 1.1284 × 0.8862 × ந = ந. 1-இன் முழுத் தொகையீடு ந. சரிதான். தொகையீட்டில் வரிசைகள் எப்போதும் ஒழுங்காகக் கூடும்: ஐ^அ-வையும் ஐ^ஆ-வையும் அடுத்தடுத்துப் போட்டால் ஐ^(அ+ஆ). நிரூபணத்துக்கு பீட்டா சார்பு போதும், ஒரு பக்கத்துக்குள் முடியும்.

ஐந்தாம் படி: வகைக்கெழு, இரண்டு வழியில்

குறை எண்ணை அப்படியே தொகையீட்டுச் சூத்திரத்தில் போட்டால் தொகையீடு விரிந்து ஓடிவிடும். அதனால் ஒரு சுற்றுவழி. அரை அடி பின்னால் போக வேண்டும் என்றால், முதலில் அரை அடி முன்னால் வந்து பிறகு ஒரு அடி பின்னால் வைப்பது. அரைத் தொகையீடு எடு, பிறகு ஒரு முழு வகையிடல். இது ரீமான்–லியூவில் வகைக்கெழு. குறுக்குவழிச் சூத்திரம் இதற்கும் அதேதான், அ-வின் குறி மட்டும் மாறும்:

டி^அ ந^க = [காமா(க + 1) / காமா(க + 1 − அ)] × ந^(க − அ)

ந-வின் அரை வகைக்கெழு: காமா(2)/காமா(3/2) × √ந = 1.1284√ந, அதாவது 2√(ந/பை). இந்த விடையை 1819-இலேயே லக்ருவா தன் நூலில் எழுதிவிட்டார். மறுபடி அரை வகையிடுங்கள், 1 வரும். அரை தடவை வகையிட்டால் என்ன என்ற கேள்வி அதைவிடப் பழையது: 1695 செப்டம்பர் 30 தேதியிட்ட கடிதத்தில் லைப்னிட்ஸ் லோபித்தாலுக்கு இதைப் பற்றி எழுதுகிறார். இது முரண்போலத் தோன்றினாலும் ஒருநாள் பயன்தரும் முடிவுகள் இதிலிருந்து வரும் என்பது அவர் கணிப்பு.

இப்போது பிள்ளைகள் முகம் சுளிக்கும் இடம். 1 என்ற மாறிலியின் அரை வகைக்கெழு என்ன? சூத்திரப்படி காமா(1)/காமா(1/2) × ந^(−1/2) = 0.5642/√ந. பூஜ்யம் இல்லை! "சார், மாறிலியை வகையிட்டா ஜீரோதானே?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். பதில் கீழ் எல்லையில் இருக்கிறது. நேரம் 0-வில் கணக்கைத் திறக்கிறோம். அதற்கு முன்னால் எதுவும் இல்லை என்பது நம் வரையறை. அப்படியானால் 1 என்ற "மாறிலி" 0-வில் பூஜ்யத்திலிருந்து 1-க்குத் திடீரென்று எகிறிய ஒன்று. அந்தக் குதிப்பின் ஞாபகம்தான் 0.5642/√ந. ந = 1-இல் 0.5642, ந = 4-இல் 0.2821, கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிறது.

இது பிடிக்கவில்லையென்றால் வேலையின் வரிசையை மாற்றலாம்: முதலில் முழு வகையிடல், பிறகு அரைத் தொகையீடு. மாறிலி முதல் அடியிலேயே பூஜ்யமாகிவிடும். இத்தாலியப் புவி இயற்பியலாளர் கபூத்தோ 1967-இல் இந்த வடிவத்தைக் கையாண்டார், அவர் பெயரே நிலைத்தது. அ 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும்போது இரண்டுக்கும் உள்ள உறவு இதுதான்:

ரீமான்–லியூவில் = கபூத்தோ + எஃப்(0) × ந^(−அ) / காமா(1 − அ)

எஃப்(0) = 0 என்றால் இரண்டும் ஒன்றே. எதை எடுப்பது? என் பழக்கம்: தொடக்கத்தில் நீளம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு என்று அளந்து சொல்லக்கூடிய கணக்கு என்றால் கபூத்தோ. அதன் லாப்லாஸ் உருமாற்றத்தில் எஃப்(0) நேரடியாக வந்து உட்காரும். ரீமான்–லியூவில் கேட்கும் தொடக்க நிபந்தனையோ ஒரு பின்னத் தொகையீட்டின் 0-வில் உள்ள மதிப்பு. அதை எந்த ஸ்கேலை வைத்து அளப்பது? தேற்றங்கள் நிரூபிக்க மட்டும் ரீமான்–லியூவில்.

ஆறாம் படி: கையால் கணக்கிடுவது

சூத்திரம் இல்லாத சார்புக்கு, அல்லது அளந்து எடுத்த எண்களுக்கு, இரண்டாம் படியில் பார்த்த எடைகளே போதும். 1867-இல் குரூன்வால்டும் 1868-இல் லெட்னிக்கோவும் காட்டிய வழி இது. நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, எடை போட்டுக் கூட்டி, துண்டு நீளத்தின் அ-ஆம் அடுக்கால் வகுக்க வேண்டும்.

எஃப்(ந) = ந, ந = 1-இல் அரை வகைக்கெழு வேண்டும், துண்டு 0.25 என்று எடுப்போம். பின்னோக்கி மதிப்புகள் 1, 0.75, 0.5, 0.25, 0.

1×1 − 0.5×0.75 − 0.125×0.5 − 0.0625×0.25 − 0 = 0.546875

√0.25 = 0.5 ஆல் வகுத்தால் 1.09375. உண்மையான விடை 1.1284, பிழை ஏறத்தாழ 3 சதவீதம். துண்டு 0.5 என்று எடுத்திருந்தால் 1.0607, பிழை 6 சதவீதம். துண்டைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகிறது. கணினியில் எழுதினால் பத்து வரிகூட வராது. ஒரே தொல்லை, ஒவ்வொரு அடியிலும் பழைய மதிப்புகள் அத்தனையையும் மறுபடி தொட வேண்டும், ஆயிரம் புள்ளி என்றால் ஏறத்தாழ ஐந்து லட்சம் பெருக்கல். அவசரப்பட்டுப் பழையதை வெட்டி எறிபவர்கள், எவ்வளவு எறிந்தோம் என்றாவது கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வழுக்கும் இடங்கள்

தொகையீட்டில் வரிசைகள் ஒழுங்காகக் கூடின. வகைக்கெழுவில் அந்த நம்பிக்கை வேண்டாம். எஃப்(ந) = 1/√ந எடுத்து அரை வகையிடுங்கள்: காமா(1/2)/காமா(0). 1/காமா(0) பூஜ்யம், எனவே விடை பூஜ்யம். மறுபடி அரை வகையிட்டாலும் பூஜ்யம்தான். ஆனால் 1/√ந-இன் முழு வகைக்கெழு −1/2 × ந^(−3/2). இரண்டு அரை சேர்ந்து ஒன்று ஆகவில்லை! மூன்றாம் படியில் அடிக்கோடிடச் சொன்னது இதற்காகத்தான்.

பெருக்கல் விதி பழைய வடிவில் நிற்காது; இரண்டு உறுப்பு இருந்த இடத்தில் முடிவில்லாத தொடர் வரும். சார்புக்குள் சார்பு விதியும் அப்படித்தான். சைன் சார்பின் அரை வகைக்கெழு 45 பாகை முன்னால் தள்ளிய சைன் என்பார்கள். கீழ் எல்லை கழித்தல் முடிவிலி என்றால் மட்டும் அது உண்மை, 0 என்றால் தொடக்கத்தில் ஒரு பிசிறு இருந்து மெல்ல மறையும்.

இன்னொன்று. பழைய பெருக்கல் விதியை அப்படியே காப்பாற்றும் "புதிய" பின்ன வகைக்கெழுக்கள் பற்றியும் கண்ணில் படும். அவற்றில் பேர்போன ஒன்றை விரித்துப் பார்த்தால், வகையிடக்கூடிய சார்புக்கு அது ந^(1−அ) × சாதாரண வகைக்கெழு என்று வந்து நிற்கிறது. ஞாபகமே இல்லை. அதைப் பின்ன வரிசை என்று அழைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

எட்டாம் படி: ஒரு சமன்பாடு

டி^அ ஒய் = −ஒய், ஒய்(0) = 1, கபூத்தோ வகைக்கெழு. அ = 1 என்றால் விடை அடுக்குக்குறிச் சார்பு. பின்னத்துக்கு மிட்டாக்–லெஃப்லர் சார்பு: அடுக்குக்குறித் தொடரில் ம-ஆம் உறுப்பின் காரணீயப் பெருக்கம் இருக்கும் இடத்தில் காமா(அம + 1) வைத்து, ந-வுக்குப் பதில் ந^அ வைத்தால் வருவது. லாப்லாஸ் போட்டால் மூன்று வரியில் கிடைக்கும். அதன் குணத்தை எண்ணில் பாருங்கள், அ = 1/2 வைத்து:

ந = 0.01: அடுக்குக்குறி 0.990, மிட்டாக்–லெஃப்லர் 0.896
ந = 1: 0.368, 0.428
ந = 25: முதலாவது ஏறத்தாழ இல்லவே இல்லை, இரண்டாவது 0.111

தொடக்கத்தில் சட்டென்று விழுந்து, பிறகு விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

ஒன்பதாம் படி: ரப்பரில் பார்ப்பது

சுருள்வில்லில் விசை நீட்சிக்கு விகிதம், அதாவது வரிசை 0. தேன் மாதிரித் திரவத்தில் விசை நீளும் வேகத்துக்கு விகிதம், வரிசை 1. ரப்பர் இரண்டுக்கும் நடுவில். விசை = ஒரு மாறிலி × டி^அ நீட்சி என்று எழுதலாம் என்பது ஸ்காட் பிளேர் 1940-களில் வளர்த்த எண்ணம். நிலையான எடையைத் தொங்கவிட்டால் நீட்சி ந^அ-வுக்கு விகிதமாக வரும். நான்காம் படியில் 1-இன் தொகையீடு பார்த்தோமே, அதேதான்.

செய்து பார்க்கலாம். மெஷினில் அடித்துக் காய்ந்த பச்சை ஷீட்டிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு நாடா வெட்டுங்கள். மேல்முனையைக் கிளிப் போட்டுக் கட்டி, கீழே சின்ன எடை. அதிகம் நீளக் கூடாது, அதிகம் நீண்டால் இந்தச் சமன்பாடு தாங்காது. 1, 2, 4, 8, 16, 32 நிமிடத்தில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று குறியுங்கள் (மொத்த நீளம் வேண்டாம், நீட்சி மட்டும்). நேரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் நீட்சி ஒரே விகிதத்தில் கூடினால் ந^அ விதி பொருந்துகிறது. அந்த விகிதம் 2^அ. உதாரணத்துக்கு 1.149 என்று வந்தால் அ = 0.2. லாக் தாளில் போட்டால் நேர்கோடு, சாய்வே அ. வெயிலில் செய்யாதீர்கள், சூடு ஏறினால் எண் மாறும்.

நான் முதல் தடவை செய்தபோது ஒரு மணி நேரம் அளந்து முடித்து எடையைக் கழற்றினேன். ஒரு டீ குடித்துவிட்டு, இன்னொரு மணி நேரம் கழித்து அதே நாடாவில் மறுபடி தொங்கவிட்டேன், சோம்பேறித்தனம்தான். இரண்டாம் தடவை எண்கள் எல்லாம் குறைவாக வந்தன, லாக் தாளில் கோடு வளைந்தது. எடைதான் மாறிவிட்டதோ என்று பக்கத்துக் கடைத் தராசில் வைத்துக்கூடப் பார்த்தேன். கணக்குப் போட்டதும் புரிந்தது. கழற்றிய பிறகு மிச்ச நீட்சி ந^அ − (ந − 60)^அ, நேரம் நிமிடத்தில். அ = 0.2 என்றால் இரண்டாம் மணி நேரத்தின் முடிவில் 2^0.2 − 1, அதாவது முதல் நீட்சியில் ஏறத்தாழ 15 சதவீதம் இன்னும் பாக்கி. அந்த நீண்ட நீளத்தை நான் தொடக்க நீளமாக எடுத்திருந்தேன். அளந்துகொண்டிருக்கும்போதே நாடா பழைய நீட்சியிலிருந்து சுருங்கிக்கொண்டும் இருந்தது. மறுநாள் வரை விட்டிருந்தால் பாக்கி 1.5 சதவீதம்தான். ஆகவே ஒவ்வொரு அளவீட்டுக்கும் புது நாடா வெட்டுங்கள், எடை தொங்கிய நேரத்தை நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.